ஓட்டை கிடைத்தால் போதும்: பெங்களூரு வானமும் சந்திர கிரகணமும்

கிரகணம் வருகிறது என்றால் பெங்களூரில் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விதான். எத்தனை மணிக்கு? அன்று மேகம் இருக்குமா? முதல் கேள்விக்கு நூறு வருடம் முன்கூட்டியே நிமிடக் கணக்கில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு அன்று சாயங்காலம் ஆறு மணிக்குக்கூட யாரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள். செய்திகளில் முக்கால்வாசி இடம் முதல் கேள்விக்கே போய்விடுகிறது. ஆனால் இந்த ஊரில் கிரகணம் கண்ணில் படுவதும் படாமல் போவதும் இரண்டாவதைப் பொறுத்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். நிலா பூமியைச் சுற்றும் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்திலிருந்து 5 டிகிரி சொச்சம் சாய்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலா நம் நிழலுக்கு மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடும். இரண்டு தளங்களும் வெட்டிக்கொள்ளும் இடங்களைத்தான் ஜாதகக் கட்டத்தில் ராகு, கேது என்று உட்கார்த்தி வைத்திருக்கிறோம். பௌர்ணமி அந்த இடங்களுக்குப் பக்கத்தில் விழுந்தால் கிரகணம். நிலாவை மறைப்பது பூமியின் நிழல்தான் என்று ஆரியபட்டர் 5-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே சொல்லிவிட்டார். ஏறக்குறைய ஒரே மாதிரியான கிரகணம் 18 வருடம், 11 நாள், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். 2000 ஜூலை 16-இல் வந்ததன் அடுத்த பிறவிதான் 2018 ஜூலை 27-28 இரவில் 103 நிமிடம் நீடித்த முழு கிரகணம். இந்த நூற்றாண்டிலேயே நீளமானது அது. ஆக, கணக்கில் குறை எதுவும் கிடையாது.

குறை, அந்தக் கணக்கை நமக்குச் சொல்லும் விதத்தில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. டிவியிலும் வாட்ஸ்அப்பிலும் "8.58-க்கு கிரகணம் ஆரம்பம்" என்று காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. அல்சூரில் எங்கள் கட்டிடத்தின் மொட்டைமாடியில் ஒன்பது மணிக்கே கூட்டம் கூடிவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாய், துணிக்கொடியில் யாரோ எடுக்க மறந்த பெட்ஷீட், குழந்தைகள் கையில் போன். மேகத்துக்கு நடுவே நிலா வந்து வந்து போனது. வந்தபோதெல்லாம் முழு வட்டமாகவே இருந்தது. "என்ன தம்பி, முழுசாத்தானே இருக்கு? கேன்சல் ஆயிடுச்சா?" என்றார் இரண்டாவது மாடி அக்கா. "இல்லக்கா, பத்து மணி ஆகணும். அப்பதான் கடிக்க ஆரம்பிக்கும்" என்றேன். ஒன்பதரைக்குள் பாதிப் பேர் இறங்கிப் போய்விட்டார்கள். மறுநாள் எல்லோருக்கும் வேலை.

8.58 என்பது நிலா புறநிழலுக்குள் நுழையும் நேரம். புறநிழலில் நின்று பார்த்தால் பூமி சூரியனில் ஒரு பகுதியை மட்டும்தான் மறைத்திருக்கும். மீதி வெளிச்சம் நிலாவின் மேல் விழுந்துகொண்டே இருப்பதால், ஆரம்பத்தில் அரை மணி நேரத்துக்கும் அதிகமாக நம் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. சூரியனைப் பூமி முழுதாக மறைக்கும் உண்மையான கருநிழல் நிலாவைத் தொட்டது 9.57-க்கு. முழுவதும் விழுங்கியது 11.01-க்கு. வெளியே விட ஆரம்பித்தது 12.23-க்கு. கடைசித் துண்டு விடுபட்டபோது மணி 1.26. வேடிக்கை என்னவென்றால், பஞ்சாங்கத்தில் புறநிழலுக்கு இடமே கிடையாது. ஸ்பரிசம் (நிழல் தொடுவது), நிமீலனம் (முழுதும் மறைவது), மத்தியமம் (நடுக்கட்டம்), உன்மீலனம் (வெளியே வர ஆரம்பிப்பது), மோட்சம் (முழுதும் விடுபடுவது) என்று அதில் போட்டிருப்பது எல்லாமே கண்ணால் பார்க்கக்கூடிய கட்டங்கள். கிரகணத்தை வெறுமனே வேடிக்கை பார்க்க விரும்புகிறவர்களும் டிவி நேரத்தை விட்டுவிட்டு பஞ்சாங்க நேரத்தை எடுத்துக்கொள்வதே நல்லது என்பேன். தர்ப்பை போடுவதும் போடாததும் அவரவர் வீட்டு வழக்கம்.

இனி மேகம்.

பௌர்ணமி நிலாவை மனதில் வைத்துக்கொண்டு கிரகண இரவின் மேகத்தை எடை போடக்கூடாது. சாதாரண பௌர்ணமி மெல்லிய மேகத்தையெல்லாம் ஊடுருவிக்கொண்டு வரும். கூடவே ஒரு ஒளிவட்டமும் கட்டிக்கொள்ளும். முழு கிரகணத்தின்போது அதே நிலாவின் வெளிச்சம் பத்தாயிரத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடுகிறது. இங்கே நகரத்தின் பங்கும் சேர்ந்துகொள்கிறது. எம்.ஜி. ரோட்டின் விளக்கு, மெட்ரோ பாதை விளக்கு, அடுக்குமாடிகளின் வெளிச்சம் எல்லாம் கீழிருந்து போய் மேகத்தின் அடிவயிற்றில் பட்டுத் திரும்புகின்றன. அப்படிப் பளபளக்கும் மேகத்துக்குப் பின்னால் மங்கலாகச் சிவந்திருக்கும் நிலா எங்கே தெரியப்போகிறது? பத்தரை மணி வரை மேகத்துக்குள்ளும் தெரிந்துகொண்டிருந்த நிலா, பதினொன்றேகாலுக்கு "காணாமல் போய்விட்டது" என்று பலர் சொல்வது இதனால்தான். மேகம் கூடியிருக்காது. நிலா அணைந்திருக்கும், அவ்வளவுதான். மேகம் இருக்கிற ராத்திரியில் பகுதி கிரகணக் கட்டம், அதாவது கடித்த பிறை தெரிகிற அந்த ஒரு மணி நேரம், முழு கிரகணத்தைவிட நம்பகமானது. அதைப் பார்க்காமல் சிவப்புக்காக மட்டும் அலாரம் வைத்துத் தூங்குகிறவர்கள் இரண்டையும் இழக்க வாய்ப்பு அதிகம்.

அந்தச் சிவப்பே இன்னொரு வானத்தின் கையில் இருக்கிறது. இது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நிலா கருநிழலுக்குள் முழுதாக இருக்கும்போது நேரடியான சூரிய வெளிச்சம் துளிகூட அதற்குப் போகாது. பூமியின் விளிம்பைச் சுற்றியுள்ள காற்று மண்டலம் வெளிச்சத்தை வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது. நீலம் வழியிலேயே சிதறிவிடுவதால் சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது. விளிம்பு என்றால் எது? அந்த நிமிடத்தில் சூரியன் உதித்துக்கொண்டோ மறைந்துகொண்டோ இருக்கும் ஊர்களெல்லாம் சேர்ந்ததுதான் அந்த விளிம்பு. 2025 செப்டம்பர் 7 இரவு 11.41-க்கு நம் தலைக்கு மேலே நிலா நடு நிழலில் இருந்தபோது, ஆப்பிரிக்காவில் கானாவில் சாயங்காலம். பசிபிக்கில் ஃபிஜித் தீவுகளில் விடியற்காலை. கானாவின் அந்தியும் ஃபிஜியின் விடியலும் கலந்துதான் அல்சூர் மொட்டைமாடிக்குத் தெரிந்தது. அந்த விளிம்பு நெடுக மேகம் கட்டியிருந்தால், இங்கே வானம் பளிச்சென்று இருந்தாலும் நிலா மங்கித்தான் போகும்.

மேகத்தைவிட மோசம் எரிமலைச் சாம்பலும் கந்தகத் துகளும். கந்தகத் துகள் மேல் வளிமண்டலத்தில் ஏறிவிட்டால் வருடக்கணக்கில் இறங்காது. இந்தோனேசியாவில் அகுங் எரிமலை 1963-இல் வெடித்தது. அந்த வருடம் டிசம்பர் 30-இல் வந்த முழு கிரகணத்தில் நிலா ஏறக்குறைய கண்ணுக்கே தெரியாத அளவுக்கு இருண்டுபோனது. பிலிப்பைன்ஸின் பினாடுபோ 1991-இல் வெடித்த பிறகு, 1992 டிசம்பர் கிரகணமும் அப்படித்தான் கறுத்தது. இந்தக் கறுப்பு சிவப்பை அளக்க பிரான்ஸ் நாட்டு வானியலாளர் ஆந்த்ரே டான்ஜான் ஒரு அளவுகோல் வைத்தார்: நிலா ஏறக்குறைய தெரியாமலே போனால் 0, பளபளக்கும் செம்புநிறத்துக்கு 4. இதற்குக் கருவியே தேவையில்லை. கண்ணால் பார்த்து ஒரு எண் போட்டுவிடலாம். குழந்தைகளை மாடிக்கு அழைத்துப் போகிறவர்கள் ஆளுக்கொரு மார்க் போடச் சொல்லிப் பாருங்கள், சண்டை நன்றாகவே வரும்.

சரி, நம் ஊர் மேகத்துக்கு வருவோம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றிலும் நனையும், வடகிழக்கிலும் நனையும். சென்னைக்காரர் ஒருவர் இங்கே குடியேறியதும் முதலில் குழம்புவது இதில்தான். மேகமே போகாத மாதங்களில் மழை அதிகம் இருக்காது. கொட்டித் தீர்க்கும் மாதங்களில் ராத்திரி வானம் சட்டென்று திறந்துகொள்ளும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும் காற்றில் ஈரம் மிச்சம் இருக்கும், ஆனால் கொட்டுகிற அளவுக்கு இருக்காது. தாழ்வான சாம்பல் மேகங்கள் மேற்கிலிருந்து கிழக்காக நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். நடுவே தூறல், நடுவே நீலம். ராத்திரியிலும் ஓட்டம் நிற்காது. முழு மூடாக்கு போட்ட நாட்களில் வழியே இல்லை. மற்ற நாட்களில் ஓடுகிற மேகம் என்பதால் இடைவெளியும் ஓடும். மூன்று நிமிடம் நிலா, பத்து நிமிடம் சாம்பல், மறுபடி ஒரு நிமிடம் நிலா. 2018 ஜூலை கிரகணமும், 2011 ஜூன் 15-16 நள்ளிரவில் வந்த 100 நிமிட முழு கிரகணமும் இந்தப் பருவத்தில் மாட்டிக்கொண்டவைதான்.

செப்டம்பர், அக்டோபர் வேறு ரகம். சராசரி மழை 200 மில்லிமீட்டரைத் தாண்டும் செப்டம்பர்தான் இங்கே மழை மிகுந்த மாதம். ஆனால் அது பெரும்பாலும் இடிமழை. பகலில் தரை சூடாகி, காற்று மேலே எழும்பி, மூன்று நான்கு மணிக்கு கோபுரம் மாதிரி மேகம் எழுந்து, ஆபீஸ் விடுகிற நேரமாகப் பார்த்துக் கொட்டும். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் மாட்டிக்கொண்டவர்களிடம் இதை விளக்க வேண்டியதில்லை. சூரியன் மறைந்து தரை குளிர்ந்ததும் மேகத்துக்குத் தீனி நின்றுபோகும். ஒன்பது பத்து மணிக்குள் பல நாட்களில் அது சரிந்துவிடும். காற்றில் இருந்த தூசியையும் மழை கழுவிவிட்டிருக்கும். அதனால் ஏழு மணிக்குக் கொட்டுகிறதே என்று பதினோரு மணிக் கிரகணத்தைக் கைவிடுவது அவசரம். ஒரு சிக்கல் உண்டு. செத்த இடிமேகத்தின் உச்சியில் பனித்துகள் மேகம் விசிறியாகப் பரவி மணிக்கணக்கில் தங்கிவிடும். கீழே எல்லாம் சுத்தமாக இருக்கும், மேலே பால் கலந்த மாதிரி ஒரு திரை நிற்கும். முன்னே சொன்ன கணக்குப்படி, இந்தத் திரையில் பிறை தெரியும், சிவப்பு தெரியாது. ஏப்ரல், மே மாதக் கோடை இடிமழைக்கும் இதே விதிதான்.

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை ராத்திரி வானம் பெரும்பாலும் நம் பக்கம். கெடுப்பதற்கு இரண்டு பேர். ஒன்று, வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு. அது சென்னைப் பக்கம் கரையை நெருங்கினால் இங்கே இரண்டு மூன்று நாள் வெயிலே வராது. இன்னொன்று, விடியற்காலைப் பனிமூட்டம். தேவனஹள்ளி விமான நிலையத்தில் விமானங்களைத் தாமதப்படுத்துகிற அதே மூட்டம்தான். முன்னிரவில் வரும் கிரகணத்துக்கு அதனால் ஆபத்தில்லை. நான்கு மணிக்கு மேல் வருவதென்றால் கவலைப்படலாம்.

மும்பைக்காரர்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை சொல்வதற்கு ஒன்றுமில்லை, மூடாக்கு மூடாக்குதான். டெல்லியில் நவம்பரில் எல்லா நாளும் நிலா செம்பழுப்பாகவே உதிக்கும். அங்கே கிரகணம் தனியாகத் தெரிய வேண்டுமென்றால் காற்று அடிக்க வேண்டும்.

இப்போது எல்லோர் கையிலும் செயற்கைக்கோள் படம் இருக்கிறது. அதை ராத்திரியில் படிப்பதில் ஒரு பொறி உண்டு. வானிலைத் துறை வெளியிடும் இன்சாட் படங்களில் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்தவை பகலில் மட்டும்தான் உதவும். இரவில் நாம் பார்ப்பது அகச்சிவப்புப் படம்; அது உண்மையில் வெப்பநிலைப் படம். குளிர்ந்தது வெள்ளையாகவும் சூடானது கறுப்பாகவும் வரும். இடிமேகத்தின் உச்சி மைனஸ் 60, 70 டிகிரி என்று உறைந்து கிடப்பதால் பளிச்சென்று வெள்ளை. ஆனால் ஜூலை மாதத்துத் தாழ்வான சாம்பல் மேகம் தரையைவிடக் கொஞ்சம்தான் குளிர்ந்திருக்கும். படத்தில் அது தரையோடு தரையாகக் கலந்துவிடும். "படத்தில் ஒண்ணுமே இல்ல, வானம் கிளியரா இருக்கும்" என்று நம்பி மாடிக்குப் போனால் தலைக்கு மேலே ஒரே சாம்பல். பெங்களூரில் ஆடி மாதம் முழுக்க இந்த ஏமாற்று நடக்கும். ரேடார் படமும் இதற்கு ஆகாது. அது மழைத்துளியைப் பார்க்கிறது, மேகத்தைப் பார்ப்பதில்லை. விண்டி போன்ற ஆப்களில் மேகத்தைத் தாழ்வு, நடு, உயரம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்க முடியும். மொத்தச் சதவீதத்தைப் பார்ப்பதைவிட அந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்பது எவ்வளவோ மேல். 80 சதவீதம் தாழ்வான மேகம் என்றால் ஓட்டைக்குக் காத்திருக்கலாம். 80 சதவீதம் நடு உயர மேகம் என்றால் அது பெரும்பாலும் விரித்த பாய், ஓட்டை இருக்காது.

இந்த ஓட்டை விஷயத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். சூரிய கிரகணத்தில் முழுமை சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்தில் ஒரு மேகம் குறுக்கே வந்தால் எல்லாம் போச்சு. சந்திர கிரகணம் அப்படியில்லை. பெரிய கிரகணம் என்றால் ஸ்பரிசத்திலிருந்து மோட்சம் வரை மூன்றரை மணி நேரம். வானிலைக்காரர்கள் மேக அளவை எட்டில் எத்தனை பங்கு என்று குறிப்பார்கள். எட்டில் ஆறு பங்கு மூடியிருந்தால் கேட்பதற்குப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் மேகம் நகர்ந்துகொண்டே இருந்தால், அந்த மூன்றரை மணி நேரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முக்கால் மணி நேரம் போல நிலா வெளியே வரும். அது போதாதா? தெளிந்த வானம் வேண்டும் என்று வேண்டிக்கொள்வது இந்த ஊருக்குக் கொஞ்சம் பேராசை. காற்று வேண்டும் என்று வேண்டிக்கொள்ளலாம்.

இதில் நிலா எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதும் சேரும். தலைக்கு மேலே பார்க்கும்போது மேகத்துக்கும் மேகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி அப்படியே தெரியும். அடிவானத்தை நோக்கிச் சாய்வாகப் பார்க்கும்போது முன்னால் உள்ள மேகம் பின்னால் உள்ள இடைவெளியை மறைத்துவிடும். 2025 செப்டம்பரில் நிலா ஏறக்குறைய 70 டிகிரி உயரத்தில் இருந்தது. ஓட்டைகளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. 2026 மார்ச் 3-இல் நேர்மாறு. இங்கே நிலா உதிக்கும்போதே கிரகணம் முடிகிற கட்டம், 6.47-க்கு மோட்சம். கிழக்கே அடிவானத்தை ஒட்டி கால் மணி நேரம் போலத்தான் அவகாசம். அல்சூரில் அடிவானம் என்று ஒன்று இருந்தால்தானே! ஏரிக்கரைக்குப் போனாலும் எதிரே அபார்ட்மெண்ட்தான். 2022 நவம்பர் 8-லும் இதே கதைதான்.

தொழில்முறை வானியலாளர்களுக்கும் இந்தத் தலைவலியிலிருந்து விடுதலை இல்லை. கோரமங்கலாவில் இருக்கும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்கு நம் திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில், காவலூரில், 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. இரண்டு பருவமழையும் அங்கே வேலை நாட்களைத் தின்றுவிடும். லடாக்கில் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில், மழை மறைவில், 2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றையும் அவர்கள் நிறுவினார்கள். அதை இயக்குகிறவர்கள் உட்கார்ந்திருப்பது நம் ஹொசகோட்டேயில், செயற்கைக்கோள் இணைப்பின் வழியாக. 2025 கிரகணத்தன்று அந்த நிறுவனம் பெங்களூரு, தமிழ்நாடு, லடாக் என்று பல இடங்களிலிருந்து நேரலை காட்டியதும் அதே தந்திரம்தான்: ஒரு ஊரில் மூடினால் இன்னொரு ஊர். நமக்கு அந்த வசதி இல்லை. காரை எடுத்துக்கொண்டு நந்தி மலைக்கோ கோலாருக்கோ ஓடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இடிமழை நாட்களில் 50 கிலோமீட்டர் நகர்ந்தால் பலன் கிடைக்கலாம். ஜூலை மூடாக்கில் அதே மேகம் அங்கேயும் இருக்கும், பெட்ரோல்தான் தண்டம். ஓட்டைக்குக் காத்திருப்பவனுக்கு மொட்டைமாடியே போதும். பைனாகுலர் இருந்தால் கூடுதல் சுகம்.

அடுத்து நம் ஊரிலிருந்து பார்க்கக்கூடிய கருநிழல் கிரகணத்துக்கு 2028 வரை பொறுக்க வேண்டும். ஜூலை 6-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி ஒரு பகுதி கிரகணம். ஆனி மாதத்துச் சாம்பல் மேகம், எனவே அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். டிசம்பர் 31-இல் வருவதுதான் விருந்து. இரவு 8.37 சுமாருக்கு ஸ்பரிசம், 9.46-லிருந்து 10.57 வரை முழு கிரகணம், புத்தாண்டு பிறந்து ஐந்தாறு நிமிடத்தில் மோட்சம். கிழக்கே நன்றாக மேலே ஏறிய நிலா, அதுவும் திருவாதிரை நட்சத்திரத்தில் நிற்கும் மார்கழிப் பௌர்ணமி. நிலா அணைந்ததும் கொஞ்சம் தள்ளி செந்நிறத் திருவாதிரையும் மற்ற நட்சத்திரங்களும் எட்டிப் பார்க்கும். கோயில்களில் ஆருத்ரா தரிசன நேரத்தை எப்படி மாற்றி அமைப்பார்கள் என்பது தனி விஷயம். பார்க்கிறவர்களுக்கு அந்த ராத்திரியில் இடையூறு இரண்டுதான்: அந்த வாரம் வங்கக் கடலில் ஏதாவது சுழன்றுகொண்டிருக்கக்கூடாது; பிரிகேட் ரோடு, எம்.ஜி. ரோடு பக்கம் பட்டாசும் லேசர் விளக்கும் மேலே போகாத ஒரு மாடி கிடைக்க வேண்டும். முன்னதை டிசம்பர் 28 வாக்கில் வானிலை அறிக்கையில் பார்த்துக்கொள்ளலாம். பின்னதற்கு பானஸ்வாடியிலோ கே.ஆர். புரத்திலோ சொந்தக்காரர் யாராவது இருந்தால் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.